பத்து வாட்டை வைத்து என்ன செய்வது?
ஹேம் ரேடியோவில் புதியவர்களுக்கு விதிக்கப்படும் கட்டுப்பாடுகளின் அறிவியல்

சென்ற மாதம் எங்கள் பள்ளி அறிவியல் கழகக் கூட்டம் முடிந்து, பொருள்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தோம். நான்காம் படிவ மாணவன் ஒருவன் ஒரு பழைய புத்தகத்தை நீட்டினான். ஹேம் ரேடியோ கற்கத் தொடங்குபவர்களுக்காகப் பிரிட்டனில் பல ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த கையேடு அது.

“சார், தொடக்க நிலை உரிமத்துக்குப் பத்து வாட்தானாம். எங்க வீட்டு மைக்ரோவேவே 800 வாட். பத்து வாட்ட வச்சுக்கிட்டு என்னா சார் பண்றது?”

நான் பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வியும் வந்துவிட்டது.

“டிரான்ஸ்மிட்டரையும் சொந்தமா டிசைன் பண்ணிச் செய்யக்கூடாதாம். அப்புறம் எதுக்கு சார் இதப் படிக்கணும்?”

“விதி அப்படித்தான்ப்பா” என்று சொல்லி அலமாரியைப் பூட்டிவிட்டேன். அறிவியல் ஆசிரியர் சொல்லக்கூடாத பதில் அது. அவன் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் உரிய பதிலை இந்த வாரப் பாடத்தில் பார்ப்போம்.

ஹேம் ரேடியோ என்றால் என்ன?

இலாப நோக்கம் இல்லாமல், கற்பதற்காகவும் பொழுதுபோக்காகவும் தனிமனிதர்கள் நடத்தும் வானொலித் தொடர்புதான் ஹேம் ரேடியோ. தேர்வு எழுதி உரிமம் பெற்றவர், தமக்கென ஒதுக்கப்பட்ட அதிர்வெண் பட்டைகளில் பேசலாம், மோர்ஸ் குறியீடு அனுப்பலாம், கணினியை இணைத்துச் செய்தி அனுப்பலாம். மலேசியாவில் தொடர்பு, பல்லூடக ஆணையமும், சிங்கப்பூரில் ஐ.எம்.டி.ஏ. அமைப்பும் இந்த உரிமத்தை வழங்குகின்றன. உரிமம் இல்லாமல் ஹேம் பட்டைகளில் அலை பரப்புவது குற்றம். இதை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

உலகின் பல நாடுகளில் இந்த உரிமம் படிப்படியாகவே கிடைக்கிறது. முதல் படியில் நிற்பவருக்கு மூன்று வகையான வேலிகள் போடப்படுவதுண்டு: எவ்வளவு திறனில் அலை பரப்பலாம், எந்தப் பட்டையில் பரப்பலாம், எந்தக் கருவியைப் பயன்படுத்தலாம். ஜப்பானின் நான்காம் வகுப்பு உரிமம் ஓர் எடுத்துக்காட்டு. 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பட்டைகளில் 20 வாட், அதற்குக் கீழே உள்ள பட்டைகளில் 10 வாட். 14 மெகாஹெர்ட்ஸ் பட்டை அவர்களுக்குக் கிடையவே கிடையாது.

இவற்றுள் திறன், கருவி ஆகிய இரண்டு வேலிகளைப் புரிந்துகொள்ள, எழுபது ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிப் போக வேண்டும்.

1951: ஒரு படிகம், 75 வாட்

அமெரிக்கா 1951-ஆம் ஆண்டு ஜூலையில் ‘நோவிஸ்’ என்ற தொடக்க நிலை உரிமத்தை அறிமுகப்படுத்தியது. நிமிடத்துக்கு ஐந்து சொல் வேகத்தில் மோர்ஸ் தெரிந்து, எளிய தேர்வு ஒன்றில் தேறினால் போதும். உரிமம் ஓராண்டுக்கு மட்டுமே செல்லும், புதுப்பிக்க முடியாது. அதற்குள் அடுத்த படிக்குப் படித்து முன்னேற வேண்டும்.

அந்த உரிமத்தில் இருந்த முக்கியமான கட்டுப்பாடுகள் இரண்டு. டிரான்ஸ்மிட்டரின் அதிர்வெண்ணைக் குவார்ட்ஸ் படிகம் ஒன்றே தீர்மானிக்க வேண்டும். டிரான்ஸ்மிட்டரின் கடைசி வால்வுக்குக் கொடுக்கும் மின்திறன் 75 வாட்டைத் தாண்டக்கூடாது.

ஏன் படிகம்? அந்தக் காலத்தில் அதிர்வெண்ணை உருவாக்க இன்னொரு வழி, கம்பிச்சுருளையும் மின்தேக்கியையும் இணைத்த சுற்று. குமிழைத் திருகினால் அதிர்வெண் மாறும். வசதியானதுதான். ஆனால் வால்வு சூடேறும்போது சுருள் சற்றே விரியும், அதிர்வெண் மெல்ல நகரும். கையால் கோடு கிழித்த அளவுகோலும் துல்லியமாக இருக்காது. புதியவர் தமக்குரிய பட்டையில் இருப்பதாக நம்பிக்கொண்டு, வேறொருவருடைய பட்டையில் அலை பரப்பிக்கொண்டிருப்பார்.

படிகத்தின் கதை வேறு. குவார்ட்ஸை மெல்லிய தகடாக வெட்டி மின்னழுத்தம் கொடுத்தால் அது அதிரும். எந்த வேகத்தில் அதிரும் என்பதைத் தகட்டின் தடிப்புத்தான் முடிவு செய்கிறது. பரவலாகப் பயன்படும் ஒரு வெட்டு முறையில், 3.7 மெகாஹெர்ட்ஸில் அதிரும் தகட்டின் தடிப்பு ஏறத்தாழ 0.45 மில்லிமீட்டர். மற்றக் குமிழ்களை எப்படித் திருகினாலும் தகட்டின் தடிப்பு மாறப்போவதில்லை. புதியவர் வழிதவறாமல் இருக்க அதுவே காவல்.

இந்தக் காவலுக்கு ஒரு விலையும் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் மீந்த படிகங்கள் மலிவாகக் கிடைத்தன. ஆளுக்கு இரண்டோ மூன்றோ வாங்கி வைத்துக்கொள்வார்கள். நீங்கள் உங்கள் படிகத்தின் அதிர்வெண்ணில் அழைப்பீர்கள். பதில் சொல்பவர் அவரிடம் இருக்கும் படிகத்தின் அதிர்வெண்ணில் பதில் சொல்வார். ஆகவே அழைத்து முடித்ததும், பட்டையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ரிசீவரைத் திருகித் தேட வேண்டும். யாராவது என் பெயரைச் சொல்கிறார்களா என்று சந்தைக் கூட்டத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நடப்பதுபோல.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதிர்வெண் படிகத்திடம் இருக்க வேண்டும் என்று சொன்ன விதி, மீதிக் கருவியை யார் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. பழைய தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி, வீட்டு மேசையிலேயே டிரான்ஸ்மிட்டர் செய்த சிறுவர்கள் உண்டு. ஹீத்கிட் நிறுவனத்தின் டி.எக்ஸ்.-40 போன்ற கருவிகளை உதிரிப் பாகங்களாக வாங்கி, தாமே பற்றவைத்துப் பூட்டியவர்களும் உண்டு.

75 வாட் என்பதை எப்படி அளந்தார்கள்? வால்வுக்குப் போகும் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினார்கள். 750 வோல்ட், 0.1 ஆம்பியர் என்றால் 75 வாட். சாதாரண மீட்டரே இதற்குப் போதும். ஆண்டெனாவுக்குப் போவது சுமார் 50 வாட்டாக இருக்கும். மிச்சம் வால்வைச் சூடாக்கிவிட்டுப் போய்விடும்.

திறனைக் குறைத்தால் எவ்வளவு இழக்கிறோம்?

இப்போது மாணவனின் முதல் கேள்விக்கு வருவோம். அன்று அமெரிக்காவில் முழு உரிமம் பெற்றவருக்கு 1000 வாட் வரை அனுமதி. புதியவருக்கு 75 வாட். பதின்மூன்று மடங்கு வேறுபாடு. அப்படியென்றால் புதியவரின் அழைப்பு பதின்மூன்றில் ஒரு பங்கு தூரம்தான் போகுமா? இல்லை.

ஹேம் ரிசீவர்களில் வந்துசேரும் அலையின் வலிமையைக் காட்ட எஸ்-மீட்டர் என்ற ஒன்று இருக்கும். எஸ்-1 முதல் எஸ்-9 வரை அதில் படிகள் உண்டு. ஒரு படி என்பது 6 டெசிபெல். அதாவது, மீட்டர் ஒரே ஒரு படி ஏற வேண்டுமானால் அனுப்பும் திறன் நான்கு மடங்காக வேண்டும். இந்த ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும். லாகரிதம் தெரியாதவர்களும் கணக்குப் போடலாம்.

75 வாட்டை நான்கால் பெருக்கினால் 300, ஒரு படி. மறுபடி நான்கால் பெருக்கினால் 1200, இரண்டு படி. ஆகவே 1000 வாட் என்பது புதியவரைவிட இரண்டு படிக்கும் சற்றுக் குறைவான உயரத்தில்தான் நிற்கிறது. 1000 வாட் நிலையம் எஸ்-9 என்று கேட்கும் இடத்தில், புதியவரின் 75 வாட் நிலையம் எஸ்-7க்குச் சற்று மேலே கேட்கும். பேச்சு நன்றாகவே புரியும்.

இதற்காகத் திறனே தேவையில்லை என்று சொல்லிவிட முடியாது. இரைச்சலின் விளிம்பில் நிற்கும் மெல்லிய அலைக்கு அந்த இரண்டு படிதான் வாழ்வும் சாவும். எஸ்-2 இல் கேட்ட குரல் அதற்குக் கீழே போனால் இரைச்சலில் மூழ்கிவிடும். ஆனால் அந்த விளிம்பை நகர்த்த வேறு வழிகளும் உண்டு. 1993-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் உருவாக்கி 2017-இல் வெளியிட்ட எஃப்.டி.8 முறை, காதுக்கே கேட்காத அளவு இரைச்சலில் புதைந்த செய்தியையும் கணினியின் உதவியால் மீட்டெடுக்கிறது. சில வாட் திறனில் கண்டம் விட்டுக் கண்டம் தொடர்பு கொள்வது இன்று ஹேம்களுக்கு அன்றாட நிகழ்ச்சி.

மைக்ரோவேவ் அடுப்பின் 800 வாட் ஒரு கிண்ணச் சோற்றைச் சூடாக்குவதற்கு. தூரத்தில் இருக்கும் ரிசீவருக்குத் தேவைப்படுவதோ ஒரு வாட்டின் கோடியில் ஒரு பங்குக்கும் மிகக் குறைவு. இரண்டையும் ஒப்பிடுவது சரியாகாது.

பக்கத்து வீட்டில் நடப்பது

தூரத்தில் அவ்வளவாக வேறுபாடு தெரியாது என்றால், திறனை ஏன் குறைக்க வேண்டும்? பதில் பக்கத்து வீட்டில் இருக்கிறது.

நம்மில் பலர் வரிசை வீடுகளிலும் அடுக்குமாடி வீடுகளிலும் வாழ்கிறோம். ஆண்டெனாவிலிருந்து 10 மீட்டரில் அண்டை வீட்டுத் தொலைக்காட்சி இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாத் திசையிலும் சமமாக அலை பரப்பும் கற்பனை ஆண்டெனா ஒன்றுக்கு ஒரு சூத்திரம் உண்டு. திறனை 30 ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, மீட்டரில் உள்ள தூரத்தால் வகுத்தால் அந்த இடத்தின் மின்புல வலிமை கிடைக்கும்.

10 வாட்: 300 இன் வர்க்கமூலம் 17.3, பத்தால் வகுத்தால் மீட்டருக்கு 1.7 வோல்ட்.
25 வாட்: 750 இன் வர்க்கமூலம் 27.4, மீட்டருக்கு 2.7 வோல்ட்.
1000 வாட்: 30,000 இன் வர்க்கமூலம் 173, மீட்டருக்கு 17.3 வோல்ட்.

வீட்டு மின்னணுக் கருவிகள் வெளி அலைகளைத் தாங்குகின்றனவா என்று சோதிக்கும் அனைத்துலகத் தரங்களில், மீட்டருக்கு 3 வோல்ட் என்பது பரவலாகப் பயன்படும் அளவு. 10 வாட்டும் 25 வாட்டும் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கின்றன. 1000 வாட் ஆறு மடங்கு மேலே போய்விட்டது. ஒலிபெருக்கியில் உங்கள் குரல் கேட்கலாம், தொலைக்காட்சிப் படம் சிதறலாம்.

100 மடங்கு திறன் கூடினால் மின்புலம் பக்கத்து வீட்டிலும் 10 மடங்கு கூடுகிறது, தூரத்திலும் 10 மடங்கு கூடுகிறது. இயற்பியல் இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். விளைவுதான் வேறு. தூரத்தில் இருப்பவரின் எஸ்-மீட்டர் மூன்று படிக்குச் சற்று மேல் ஏறுகிறது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக் கருவியோ தாங்கும் எல்லையைத் தாண்டிவிடுகிறது. பெரிய திறனைக் கையாள்பவர் ஆண்டெனாவை எங்கே வைப்பது, இடையூறு வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது, வடிகட்டியை எங்கே பொருத்துவது என்பதெல்லாம் தெரிந்தவராக இருக்க வேண்டும். அந்த அறிவு வரும்வரை திறனைக் குறைத்து வைப்பது நியாயமானது. அதனால் புதியவர் இழப்பதும் அதிகமில்லை.

கருவிக் கட்டுப்பாடு: கள்ள அலைகள்

இரண்டாவது கேள்வி இதைவிடக் கனமானது. சொந்தமாகச் செய்வதை ஏன் தடுக்க வேண்டும்?

எந்த டிரான்ஸ்மிட்டரும் விரும்பிய அதிர்வெண்ணோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு அதிர்வெண்களிலும் கொஞ்சம் அலையைக் கசியவிடும். இவற்றை ஹார்மானிக் அலைகள் என்பார்கள். 1951-இன் படிக விதியாலும் இதைத் தடுக்க முடியவில்லை. நோவிஸ்களுக்குக் கிடைத்த 3.7 முதல் 3.75 மெகாஹெர்ட்ஸ் பட்டையை இரண்டால் பெருக்கிப் பாருங்கள். 7.4 முதல் 7.5 வருகிறது. அமெரிக்க ஹேம் பட்டையோ 7.3 இல் முடிந்துவிடுகிறது. படிகம் சரியாகவே அதிர்ந்தும், “உங்கள் அலை 7.4 இல் கேட்கிறது” என்ற அறிவிப்பு அக்காலப் புதியவர்கள் பலருக்குத் தபாலில் வந்ததுண்டு.

நமக்குத் தெரிந்த பட்டையிலேயே இன்னோர் எடுத்துக்காட்டு: 50 மெகாஹெர்ட்ஸ் ஹேம் பட்டை. இரண்டால் பெருக்கினால் 100 மெகாஹெர்ட்ஸ். நாம் பாட்டுக் கேட்கும் எஃப்.எம். பட்டையின் நடுவிலேயே போய் விழுகிறது.

இதைத் தடுக்க டிரான்ஸ்மிட்டருக்கும் ஆண்டெனாவுக்கும் இடையே வடிகட்டி வைப்பார்கள். அமெரிக்க விதிப்படி, 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே வேலை செய்யும் புதிய டிரான்ஸ்மிட்டர்களில் கள்ள அலை 43 டெசிபெல்லாவது குறைவாக இருக்க வேண்டும். ஏறத்தாழ 20,000 இல் ஒரு பங்கு. 25 வாட் பரப்பும்போது ஒரு கள்ள அலைக்கு அனுமதி 0.00125 வாட் மட்டுமே. கடையில் வாங்கிய கருவியில் இதை நிறுவனம் அளந்து பார்த்திருக்கும். வீட்டில் செய்ததை யார் அளப்பது? இதுதான் கருவிக் கட்டுப்பாட்டின் பின்னால் உள்ள கவலை.

பிரிட்டன்: 2002 முதல் 2024 வரை

என் மாணவனின் கையேடு பேசிய ‘ஃபவுண்டேஷன்’ உரிமம் பிரிட்டனில் 2002-இல் தொடங்கியது. 10 வாட் வரம்பு. கடையில் கிடைக்கும் கருவி, அல்லது விற்பனைக்கு வரும் தரமான உதிரிப்பாகத் தொகுப்பு, இவை மட்டுமே அனுமதி. ஆண்டெனாவைச் சொந்தமாகச் செய்யலாம். டிரான்ஸ்மிட்டரைத் தானே வடிவமைக்கக் கூடாது.

2024 பிப்ரவரியில் அந்நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் விதிகளை மாற்றியது. ஃபவுண்டேஷன் வரம்பு 10 இலிருந்து 25 வாட்டாக உயர்ந்தது. முழு உரிமத்தின் வரம்பு 400 இலிருந்து 1000 வாட்டானது. இத்துடன், ஃபவுண்டேஷன் உரிமம் உள்ளவர்கள் தங்கள் கருவியைத் தாங்களே செய்துகொள்ளலாம் என்ற அனுமதியும் வந்தது.

இந்த மாற்றங்களுள் எது பெரியது? கணக்கைப் பாருங்கள். 10 இலிருந்து 25 வாட் என்பது 4 டெசிபெல். எஸ்-மீட்டரில் ஒரு படிகூட இல்லை. முன்பு 10க்கும் 400க்கும் இடையே 40 மடங்கு. இப்போது 25க்கும் 1000க்கும் இடையே அதே 40 மடங்கு. புதியவருக்கும் மூத்தவருக்கும் உள்ள இடைவெளி அணுவளவும் குறையவில்லை. பெரிய மாற்றம் அந்தக் கடைசி அனுமதிதான். பற்றவைக்கும் இரும்பைக் கையில் எடுக்கலாம் என்று புதியவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

என் கருத்தைச் சொல்கிறேன். திறன் வரம்பு புதியவரிடமிருந்து ஓரிரு படிகளை எடுத்துக்கொள்கிறது. அதை நல்ல ஆண்டெனாவாலும் பொறுமையாலும் ஈடுகட்டலாம். செய்யாதே என்ற தடையோ கற்கும் வாய்ப்பையே எடுத்துக்கொள்கிறது. அதை ஈடுகட்ட வழியில்லை. ஒரு வடிகட்டியைத் தானே சுற்றிப் பார்க்காதவருக்கு ஹார்மானிக் என்பது தேர்வுத்தாளில் ஒரு சொல் மட்டுமே. 1951-இன் விதியில் எனக்குப் பிடித்தது இதுதான்: தவறினால் பிறரைப் பாதிக்கும் ஒரு பாகத்தைப் பூட்டிவிட்டு, மீதியைச் சிறுவர்களின் கையில் கொடுத்தார்கள். அதனால் சில தவறுகள் நடந்தன; தபாலில் அறிவிப்பு வந்தது. அதைப் படித்து வடிகட்டி செய்யவும் அவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

உயரம் தரும் உதவி

நம் நாட்டுக்கு வருவோம். கையில் பிடிக்கும் வாக்கி-டாக்கி வகைக் கருவியின் திறன் சுமார் 5 வாட். அது பயன்படுத்தும் 145 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்பவை. அடிவானத்துக்கு அப்பால் இருப்பவரை எட்ட, திறனைவிட உயரமே உதவும். இரு ஆண்டெனாக்களின் உயரங்களை மீட்டரில் எடுத்து, அவற்றின் வர்க்கமூலங்களைக் கூட்டி, 4.12 ஆல் பெருக்கினால் எட்டும் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். தரையில் நிற்கும் இருவருக்கு, ஆளுக்கு 1.5 மீட்டர் உயரம் என்றால், 10 கிலோமீட்டர். அவர்களுள் ஒருவர் 833 மீட்டர் உயரமுள்ள பினாங்குக் கொடிமலையின் உச்சிக்குப் போனால், இடையில் வேறு மலை மறைக்காத திசையில், 124 கிலோமீட்டர். அதே 5 வாட்தான்.

இன்னும் உயரே போனவர் ஒருவரும் உண்டு. 2007 அக்டோபரில் அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குச் சென்ற நம் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாஃபர் ஷுக்கோரின் ஹேம் அழைப்புக்குறி 9டபிள்யூ2எம்யூஎஸ். தீபகற்ப மலேசியாவில் ‘பி’ வகுப்பு உரிமத்துக்கு வழங்கப்படும் அழைப்புக்குறிகளே 9டபிள்யூ2 என்று தொடங்குகின்றன. மேல்நிலையான ‘ஏ’ வகுப்புக்கு 9எம்2. விண்வெளிக்குச் சென்ற அழைப்புக்குறியும் கீழ்ப்படியில் இருப்பதுதான்.

அந்த மாணவனிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டேன். அடுத்த கூட்டத்தில் டிரான்ஸ்மிட்டர் செய்யப்போவதில்லை. அவனிடம் உரிமம் இல்லை. கம்பிச்சுருளும் மின்தேக்கிகளும் கொண்டு ஒரு வடிகட்டி செய்து, ஆய்வகத்தில் உள்ள சிக்னல் ஜெனரேட்டரையும் ஆசிலோஸ்கோப்பையும் இணைத்துச் சோதிக்கப்போகிறோம். அதற்கு ஆண்டெனா வேண்டாம். உரிமத் தேர்வுக்கு அவன் உட்காரும்போது ஹார்மானிக்கைத் திரையில் பார்த்தவனாக உட்காருவான்.

முயன்று பாருங்கள்

1. ஒரு நிலையம் 50 வாட்டிலிருந்து 200 வாட்டுக்கு மாறினால் எஸ்-மீட்டர் எத்தனை படி ஏறும்?
2. 29.4 மெகாஹெர்ட்ஸில் அலை பரப்பும்போது அதன் மூன்றாம் ஹார்மானிக் எங்கே விழும்? அங்கே யார் இருக்கிறார்கள்?
3. கற்பனை ஆண்டெனாவிலிருந்து 10 வாட் பரப்பும்போது, 20 மீட்டர் தொலைவில் மின்புல வலிமை எவ்வளவு?
4. இருபுறமும் கம்பி நீட்டிய டைபோல் ஆண்டெனாவின் மொத்த நீளம் மீட்டரில் ஏறத்தாழ 143 வகுத்தல் மெகாஹெர்ட்ஸ். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு எவ்வளவு கம்பி வேண்டும்? உங்கள் வீட்டில் அதைக் கட்ட இடம் இருக்கிறதா?

விடைகள்: 1. ஒரு படி. 2. 88.2 மெகாஹெர்ட்ஸ், எஃப்.எம். ஒலிபரப்பு. 3. மீட்டருக்கு 0.87 வோல்ட். 4. சுமார் 20 மீட்டர். இடத்தை நீங்களே அளந்து பாருங்கள்.